மூணு தடவை கூப்பிட்டால்தான் திரும்பணும்!



'பேய் இருக்கிறதா, இல்லையா?' என்று நம் கல்லூரியில் ஒரு பட்டிமன்றம் வைத்தால், பகலில் 'இல்லை' என்ற அணி ஜெயிக்கும். அதே பட்டிமன்றத்தை ராத்திரி ஹாஸ்டல் மாடியில், கரண்ட் போன நேரத்தில் வைத்தால்? நடுவரே எழுந்து ஓடிவிடுவார்! பயம் என்பது அறிவைப் பொறுத்தது இல்லை, இருட்டைப் பொறுத்தது. அந்த இருட்டை ஒரு பழைய லேப்டாப்புக்குள் கொண்டுவர நால்வர் ஆறு மாதம் பட்ட பாடுதான் இந்தக் கட்டுரை.

நான் சேத்தியாத்தோப்பு. மற்ற மூவரில் ஒருவன் புவனகிரிக்காரன், ஒருவன் வடலூர்க்காரன், இன்னொருவர் வெள்ளாற்றங்கரைக் கிராமம் ஒன்றிலிருந்து தினமும் டவுன் பஸ்ஸில் வரும் தோழி. பெயர்களைப் போடலாம் என்றால், 'என் பேர்தான் முதலில் வரணும்' என்று நாலு பேரும் சண்டை. ஆகவே ஊர்ப் பெயரே போதும் என்று விட்டுவிட்டேன்.

ஆறாவது செமஸ்டர் புராஜெக்ட்டுக்குத் தலைப்புக் கொடுக்க வேண்டிய நாள். ஒவ்வொரு வருஷமும் என்ன வரும் என்று உங்களுக்கே தெரியும். லைப்ரரி மேனேஜ்மென்ட், பஸ் டிக்கெட் ரிசர்வேஷன், ஆஸ்பத்திரி பில்லிங்... நாங்கள் எழுதிக் கொடுத்தது, 'நால்வர் சேர்ந்து ஆடும் திகில் விளையாட்டு'. படித்துப் பார்த்த எங்கள் சார் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்டார்: "ஏம்ப்பா, எக்ஸ்டர்னல் வந்து கேட்டா பேயையா கூட்டிட்டு வந்து காட்டுவீங்க?"

"பேயைக் காட்ட மாட்டோம் சார். நாலு கம்ப்யூட்டரும் ஒரே நேரத்துல ஒரே பேயை எப்படிப் பார்க்குதுன்னு போர்டுல எழுதிக் காட்டுவோம்" என்றாள் தோழி. சார் சிரித்துவிட்டார். கையெழுத்தும் போட்டுவிட்டார்.

வீட்டில் கையெழுத்து அவ்வளவு சுலபமாகக் கிடைக்கவில்லை.

கேம் என்றால் ரம்மியா?

"கேமுன்னா ரம்மிதானேடா தம்பி? அதுலதான் எத்தனை குடும்பம் அழிஞ்சுபோச்சு" என்றார் அப்பா. அவரைக் குறை சொல்ல முடியாது. பணம் கட்டி ஆடும் ஆன்லைன் சூதாட்டத்தில் உயிரை விட்டவர்கள் செய்தியை நாம் எல்லோருமே படித்திருக்கிறோம். அதற்காகவே தமிழ்நாடு அரசு 2022-ல் ஒரு சட்டம் கொண்டுவந்து, 2023 ஏப்ரலில் அது நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசும் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து சட்டம் இயற்றியது. அந்தச் சட்டமே பண விளையாட்டு வேறு, பொழுதுபோக்கு விளையாட்டு வேறு என்று பிரித்துத்தான் பேசுகிறது. இதை அப்பாவிடம் சொன்னேன். "அப்போ இதுல காசு போவாதா?" "போவாதுப்பா." "வருமா?" இந்தக் கேள்விக்கு மட்டும் என்னிடம் உடனே பதில் இல்லை!

ஆனால் சின்னக் குழுக்கள் செய்த பெரிய வேலைகளை அவருக்குச் சொல்ல முடிந்தது. உங்களுக்கும் சொல்கிறேன்.

'ஃபாஸ்மோஃபோபியா' என்ற திகில் விளையாட்டு 2020 செப்டம்பரில் வெளிவந்தது. நாலு பேர் வரை சேர்ந்து ஒரு பேய் வீட்டுக்குள் போய், அது என்ன வகைப் பேய் என்று கருவிகளை வைத்துக் கண்டுபிடிக்க வேண்டும். இங்கிலாந்தில் ஒரே ஒருவர் உட்கார்ந்து தொடங்கியது அது. அந்த ஆண்டே சிறந்த அறிமுக விளையாட்டுக்கான விருதை வாங்கியது. 2023 அக்டோபரில் வந்த 'லீத்தல் கம்பெனி'யும் ஸீக்கர்ஸ் என்ற புனைபெயர் கொண்ட ஒரு இளைஞர் செய்ததுதான். நம் நாட்டிலும் 'ஃபியர்ஸ் டு ஃபாதம்' என்ற திகில் தொடர் ஒரு இளைஞர் கையிலிருந்து வந்தது. அதன் முதல் பகுதி 2021-ல் வந்தது. ராத்திரி வீட்டில் தனியாக இருக்கும் பதினாலு வயசுப் பையன், அவ்வளவுதான் கதை.

தமிழுக்கு வருவோம். கனடாவின் டொராண்டோவில் விசை கேம்ஸ் என்ற சிறு குழு 2023 ஜூலை 31-ல் வெளியிட்ட 'வெண்பா'வை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். அதில் பேயும் இல்லை, துப்பாக்கியும் இல்லை. கனடாவுக்குப் போன ஒரு தமிழ் அம்மா, கிழிந்துபோன பழைய சமையல் குறிப்பை வைத்துக்கொண்டு இட்லி அவிக்கிறாள், மகன் தமிழைவிட்டு விலகிப் போகிறான். இதை ஆடிப் பார்த்து உலகமே கண் கலங்கியது என்றால் மிகையாகாது. 2024-ல் சுயாதீன விளையாட்டு விழாவின் தலையாய பரிசும், பிரிட்டனின் பாஃப்டா அறிமுக விளையாட்டு விருதும் அதற்குக் கிடைத்தன. இட்லி அவிப்பதே விளையாட்டு ஆகும்போது, நம் வெள்ளாற்று அணைக்கட்டு ஏன் ஆகக் கூடாது?

கதை கேட்டோம், ஊரும் கேட்டது

சேத்தியாத்தோப்பில் கதைக்கா பஞ்சம்? வெள்ளாறு இருக்கிறது, அணைக்கட்டு இருக்கிறது, கண்ணுக்கு எட்டிய தூரம் கரும்பு இருக்கிறது. பக்கத்தில் வீராணம் ஏரிக்கரையில் பூதங்குடி என்று ஒரு ஊர். பேரிலேயே பூதம்! இதற்கு மேல் என்ன வேண்டும்?

இருட்டுக்கும் எங்களுக்கு ஒரு தேதி கிடைத்தது. 2011 டிசம்பர் 30 அதிகாலை, தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் கரையைக் கடந்தது. பலாவும் முந்திரியும் வேரோடு சாய்ந்தன. கரண்ட் கம்பங்கள் விழுந்து, பல கிராமங்கள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. எங்களுக்கு அப்போது நாலைந்து வயசு. ஆனால் அந்த இருட்டைப் பற்றிப் பேசாத பெரியவர்கள் எங்கள் பக்கம் கிடையாது. விளையாட்டின் ராத்திரி அதுதான் என்று முடிவு செய்தோம். புயல், மழை, கரண்ட் இல்லை, ஆற்றில் தண்ணீர் ஏறுகிறது. நாலு பேர் அணைக்கட்டுக்குப் போய் ஷட்டர்களைக் கையால் சுற்றி ஏற்ற வேண்டும். சக்கரத்தைச் சுற்றுகிறவன் டார்ச்சைப் பிடிக்க முடியாது. டார்ச் பிடிக்கிறவன் சக்கரத்தைத் தொட முடியாது. ஆகவே தனியாக யாராலும் ஜெயிக்க முடியாது.

சரி, பேய் யார்? இங்கேதான் குழுவே உடையும் நிலைமைக்குப் போனது.

சில வருஷங்களுக்கு முன்னால் ஆற்றில் வெள்ளம் வந்தபோது ஒரு இளைஞர் அடித்துக்கொண்டு போனார். அவர் குரல் இன்னமும் கேட்கிறது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. வடலூர்க்காரன் துள்ளிக் குதித்தான். "மச்சான், இதுதான்டா கதை! 'உண்மைச் சம்பவம்'னு ஒரு வரி போட்டாப் போதும், எல்லாரும் டவுன்லோட் பண்ணுவான்." அவன் சொன்னதிலும் நியாயம் உண்டு. திகில் படங்கள் பாதி அந்த ஒரு வரியில்தானே ஓடுகின்றன!

தோழி கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னாள்: "அது எங்க தெருதான்ப்பா. அவங்க அம்மா இப்பவும் இருக்காங்க. சாயங்காலம் நான் பஸ்ஸைவிட்டு இறங்குனா, 'வந்துட்டியாம்மா'ன்னு தெனமும் கேப்பாங்க. அவங்க புள்ளையைப் பேயாக்கி, நான் எப்படி அந்தத் தெருவுல நடப்பேன்?"

வடலூர்க்காரன் விடவில்லை. "பேரை மாத்திடலாமே." "பேரை மாத்துனா அவங்களுக்குத் தெரியாமப் போயிடுமா?" என்றாள். அன்றைக்கு லேபில் அதற்கு மேல் யாரும் பேசவில்லை. மூன்று நாள் வேலையும் ஓடவில்லை. நாலாம் நாள் வடலூர்க்காரனே வந்து, "சரி, வேற பேய் தேடுவோம். ஆனா இதைவிடப் பயமா இருக்கணும்" என்றான். நண்பர்களே, குழு என்றால் என்ன என்று எந்தப் பாடப் புத்தகத்தைவிடவும் அந்த ஒரு வாக்கியத்தில் நான் அதிகம் கற்றுக்கொண்டேன்.

ஆயா கொடுத்த பேய்

அந்தப் பேயைக் கொடுத்தவர் என் ஆயா. "ராத்திரியில வெளிய யாராச்சும் பேர் சொல்லிக் கூப்புட்டா சட்டுனு ஏன்னு கேட்டுடாதடா. மூணு தடவை கூப்புட்டா மனுஷன். அது ரெண்டு தடவைக்கு மேல கூப்புடாது." உங்கள் வீட்டிலும் இதைச் சொல்லியிருப்பார்கள். கேட்டுச் சிரித்துமிருப்பீர்கள்.

நால்வர் ஆடும் திகில் விளையாட்டில் பெரிய சிக்கலே, பக்கத்தில் ஆள் இருந்தால் பயம் போய்விடும் என்பதுதான். சேர்ந்து போனால் கேலி, கிண்டல், பாட்டு! ஃபாஸ்மோஃபோபியாவும் லீத்தல் கம்பெனியும் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தன. நண்பன் குரல் அவன் இருக்கும் தூரத்துக்கு ஏற்பத்தான் கேட்கும். பக்கத்தில் இருந்தால் தெளிவாக, தள்ளிப் போனால் மெல்லியதாக. பேசிக்கொண்டே இருந்தவன் குரல் பாதி வாக்கியத்தில் நின்றால்? அந்த நிசப்தம்தான் உண்மையான பேய்.

நாங்கள் அதில் ஆயாவைச் சேர்த்தோம். ஆட்டத்தின்போது நீங்கள் பேசுவதில் சில துண்டுகளை விளையாட்டு எடுத்து வைத்துக்கொள்ளும். பிறகு இருட்டில், உங்கள் நண்பனுக்கு உங்கள் குரலிலேயே திருப்பிப் போடும். "டேய் இங்க வாடா!" கூப்பிட்டது நண்பனா, அதுவா? ஒரே வழி, எண்ண வேண்டும். நிஜ நண்பன் மூன்று தடவை கூப்பிடுவான். அது இரண்டோடு நிறுத்திவிடும். ஆனால் மூன்று தடவை கூப்பிடும் வரை காத்திருந்தால் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கும். அடுத்தவர் குரலைப் பதிவு செய்வது விளையாட்டு இல்லை என்பதால், ஆட்டம் தொடங்கும் முன் கேட்டுத்தான் எடுப்போம், எதையும் ஃபைலாகச் சேமிக்க மாட்டோம், ஆட்டம் முடிந்ததும் மெமரியிலிருந்து அழித்துவிடுவோம் என்று எங்களுக்குள் சட்டம் போட்டுக்கொண்டோம்.

கருவியும் கணக்கும்

இனி, ஜூனியர்களுக்குப் பயன்படும் பகுதி. பேனாவை எடுத்துக்கொள்ளுங்கள்.

விளையாட்டு உருவாக்க 'கோடோ' என்ற மென்பொருளை எடுத்தோம். அர்ஜென்டினாக்காரர்கள் இருவர் தொடங்கி 2014-ல் உலகத்துக்கே திறந்துவிட்டது. ஒரு பைசா கட்ட வேண்டாம். உருவங்களுக்கு பிளெண்டர், ஒலிக்கு ஆடாசிட்டி. இரண்டும் இலவசம். கோடோவின் நான்காம் பதிப்பைத்தான் எடுக்க வேண்டும் என்று புவனகிரிக்காரன் பிடிவாதம் பிடித்தான். காரணம் தமிழ்! 2023 மார்ச்சில் வந்த நான்காம் பதிப்பில்தான் தமிழ் எழுத்துகளை ஒழுங்காகக் கோர்க்கும் வசதி சேர்ந்தது. அதற்கு முந்தைய பதிப்பில் 'கொ' என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் என்று சிதறும். 'கொக்கு' என்பதே பேய் மாதிரி தெரியும்!

எங்கள் நாலு லேப்டாப்பில் இரண்டு, பள்ளியில் அரசு கொடுத்து அண்ணன்மார் பயன்படுத்திய பழைய இலவச லேப்டாப்கள். அவற்றில் புதிய வல்கன் முறை ஓடவில்லை. பழைய ஓப்பன்ஜிஎல் முறைக்கு மாற்றினோம். அப்போதும் தூரத்துக் காட்சி வந்தால் திக்கித் திணறியது. இருபது அடிக்கு மேல் எல்லாவற்றையும் மழையாலும் இருட்டாலும் மூடிவிட்டோம். வேகமும் வந்தது, பயமும் வந்தது. இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. 1999-ல் வந்த 'சைலன்ட் ஹில்'லிலும் அன்றைய பிளேஸ்டேஷனின் சக்திக் குறைவை மூடிமறைக்கத்தான் பனிமூட்டம் போட்டார்கள். அதுவே அதன் அடையாளம் ஆகிவிட்டது. ஏழை வீட்டு விளக்குக்கு வெளிச்சம் கம்மி, கதைக்கு அது போதும்.

அடுத்து, சாரிடம் போர்டில் எழுதிக் காட்டுவதாகச் சொன்ன விஷயம். நாலு கம்ப்யூட்டரும் ஆளுக்கு ஒரு பேயை ஓட்டினால், என் திரையில் பேய் மதகுமேல் நிற்கும், உன் திரையில் மரத்தடியில் நிற்கும். ஊருக்கு ஒரு நாட்டாமைதான் இருக்க வேண்டும். ஒரு லேப்டாப் நாட்டாமை. பேய் எங்கே, கதவு திறந்ததா, தண்ணீர் எவ்வளவு என்று அது சொன்னதுதான் தீர்ப்பு. நொடிக்கு இருபது தடவை அது மற்ற மூன்றுக்கும் செய்தி அனுப்பும். நடுவில் உள்ள இடைவெளியை அந்தந்த லேப்டாப் தானே இட்டு நிரப்பிக்கொள்ளும். ஆள் நடப்பது போன்ற செய்தி ஒன்று தொலைந்தால் பரவாயில்லை, அடுத்தது உடனே வரும். ஆனால் 'ஷட்டர் ஏறிவிட்டது' என்ற செய்தி தொலையவே கூடாது. அதைக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுக்கும் தபால் மாதிரி, சேர்ந்தது என்று பதில் வரும் வரை திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். இந்த இரண்டையும் பிரிக்கத் தெரிந்தால் பாதி நெட்வொர்க் பாடம் முடிந்தது.

குரலுக்கு ஒரு கணக்கு. நொடிக்கு 44,100 மாதிரி, ஒன்றுக்கு இரண்டு பைட் என்றால் ஒரு ஆளுக்கு நொடிக்கு 88,200 பைட். நாலு பேருக்கு ஒரு செல்போன் ஹாட்ஸ்பாட் தாங்குமா? மாதிரியை 11,025 ஆகக் குறைத்து, ஒன்றுக்கு ஒரு பைட் என்று வைத்தோம். எட்டில் ஒரு பங்கு! குரல் பழைய டிரான்சிஸ்டர் ரேடியோ மாதிரி கரகரத்தது. புயல் ராத்திரிக்கு அதுவே பொருத்தமாகிவிட்டது.

ஒலிகளை விலைக்கு வாங்கவில்லை. காற்றில் கரும்புச் சோகை உரசும் சத்தம், அணைக்கட்டில் தண்ணீர் விழும் சத்தம், வயல் தவளை எல்லாமே நம் ஊர்ச் சரக்கு. பேய் வரும் விதத்தைத் தெருக்கூத்திடம் கற்றோம். கூத்தில் வேஷக்காரர் நேராக வந்து நிற்பதில்லை. இரண்டு பேர் திரை பிடிப்பார்கள். பின்னால் சலங்கை கேட்கும், குரல் கேட்கும், திரை ஆடும். பார்க்கிற நாம் நிமிர்ந்து உட்காருவோம். திரை விலகுவதற்கு முன்னாலேயே அவர் வந்துவிட்டார்! எங்கள் விளையாட்டிலும் கடைசி வரை திரை விலகாது. குரல் மட்டும்தான்.

ஆடிப் பார்த்தவர்கள்

ராத்திரி ஆடினால்தானே திகில்? ஆனால் தோழிக்குக் கடைசி பஸ் இருக்கிறது. ஆளை விட்டுவிட்டு ஆடிப் பார்ப்பதில்லை என்று முடிவு. லேப் ஜன்னல்களில் கறுப்புச் சார்ட் பேப்பரை ஒட்டி, மத்தியானம் இரண்டு மணிக்கே நள்ளிரவு ஆக்கினோம். இரண்டாம் ஆண்டு மாணவர்கள் நாலு பேர் உட்கார்ந்தார்கள். முதல் ஐந்து நிமிஷம் சிரிப்பு. ஆறாவது நிமிஷம் ஒருவன் தன் குரலே எதிர்ப்பக்கத்திலிருந்து கூப்பிடுவதாக நண்பன் சொல்வதைக் கேட்டான். "டேய், நான் பேசவே இல்லடா!" அதன்பிறகு சிரிப்பு இல்லை. எல்லோரும் விரல்விட்டு எண்ண ஆரம்பித்தார்கள். ஒன்று... இரண்டு...

ஒரு ஞாயிற்றுக்கிழமை தோழி லேப்டாப்களைத் தன் தெருவுக்கே கொண்டுபோனாள். தெருப் பிள்ளைகள் திண்ணையில் ஆடினார்கள். அந்த அம்மாவும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்களாம். "என்னம்மா வெளையாட்டு இது?" என்று கேட்டிருக்கிறார்கள். வெள்ளம் வருகிறது, நாலு பேரும் ஒருத்தரை ஒருத்தர் கூப்பிட்டுக் கரை சேர வேண்டும், ஒருத்தரை விட்டுவிட்டு வந்தாலும் ஜெயித்ததாகக் கணக்கில்லை என்று சொல்லியிருக்கிறாள். அவர்கள் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "கூப்புட ஆள் இருந்தா எல்லாரும் வூடு வந்துருவாங்கம்மா" என்றார்களாம்.

திங்கட்கிழமை தோழி இதைச் சொன்னபோது வடலூர்க்காரன் எழுந்து வெளியே போய்விட்டான். திரும்பி வந்து, விளையாட்டின் முதல் திரையில் 'உண்மைச் சம்பவம்' என்று வந்திருக்க வேண்டிய இடத்தில், 'யாரையும் விட்டுவிட்டு வராதே' என்று தட்டச்சு செய்தான்.

இனி என்ன?

எங்கள் விளையாட்டு இருபது நிமிஷம்தான் ஓடும். ஸ்டீம் கடையில் வைக்க ஒரு விளையாட்டுக்கு நூறு டாலர் கட்டணம், நம் பணத்தில் எட்டாயிரத்துக்கும் மேல். ஆகவே இலவசமாகப் போடக்கூடிய இட்ச் தளத்தில் போடத் தீர்மானித்திருக்கிறோம். அப்பாவின் 'வருமா?' என்ற கேள்விக்கு இன்னும் பணத்தால் பதில் சொல்ல முடியவில்லை. ஆனால் நேர்முகத் தேர்வில் 'என்ன செய்திருக்கிறாய்?' என்று கேட்டால், சொல்ல எங்களிடம் ஒரு விஷயம் இருக்கிறது.

ஜூனியர்களே, மூன்றே மூன்று சொல்கிறேன். சின்னதாகத் தொடங்குங்கள், ஒரு இடம், ஒரு விதி போதும். முதல் மாதமே இரண்டு கம்ப்யூட்டரில் ஓடவிடுங்கள், ஒரு கம்ப்யூட்டரில் முடித்துவிட்டுப் பிறகு நால்வருக்கு மாற்றலாம் என்று நினைத்தால் எல்லாவற்றையும் மறுபடி எழுத வேண்டிவரும். உங்கள் ஊரின் கதையை எடுங்கள், எடுக்கும் முன் அந்தத் தெருவில் யார் குடியிருக்கிறார்கள் என்று பாருங்கள்.

வரும் ஜூனில் புவனகிரிக்காரன் நெய்வேலியில் அப்ரண்டிஸ் பயிற்சிக்கு முயற்சி செய்யப் போகிறான். தோழி நேரடி இரண்டாம் ஆண்டு பி.இ. சேரப் போகிறாள். வடலூர்க்காரனும் நானும் சென்னைப் பக்கம் வேலை தேடப் போகிறோம். குழு தொடருமா என்பது எங்களுக்கே ஒரு திகில் கதைதான். புரோகிராம் முழுவதும் லேப் கம்ப்யூட்டரில், துறையின் ஃபோல்டரில் இருக்கிறது. இரண்டாவது ஷட்டருக்கு அப்புறம் என்ன என்று நீங்கள் எழுதுங்கள். சந்தேகம் வந்தால் எங்களைக் கூப்பிடுங்கள்.

மறக்காமல் மூணு தடவை!



— மூன்றாம் ஆண்டு மாணவன்,
கணினிப் பொறியியல் துறை